புரோட்டான் கற்றையின் டோஸை எதைக் கொண்டு நிலைநிறுத்துவது?

புற்றுநோய்க்கான ஒரு புரோட்டான் சிகிச்சை நிலையம் முதல் நோயாளியை ஏற்பதற்கு முன் அங்குள்ள மருத்துவ இயற்பியலாளர் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். கற்றை வெளிவரும் முனையில் பொருத்தியுள்ள, கண்காணிப்பு அறை என்னும் அளவுக் கருவி ஒரு மானிட்டர் யூனிட் என்று எண்ணிக் காட்டும்போது, நீரில் எத்தனை கிரே டோஸ் சேர்கிறது? சிகிச்சைத் திட்டக் கணினி எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டாலும், இந்த ஒரு எண்ணில் 2 சதவீதப் பிழை இருந்தால் அந்த நிலையத்தில் சிகிச்சை பெறும் ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு நாளும், அதே 2 சதவீதம் கூடவோ குறையவோ போய்ச் சேரும். மற்றப் பிழைகள் நாளுக்கு நாள் மாறி ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். இது அப்படிச் செய்யாது. நோயாளியின் உடலில் சேரும் டோஸ் 5 சதவீதத்துக்குள் சரியாக இருக்க வேண்டும் என்று கதிர்வீச்சு அலகுகளுக்கான சர்வதேச ஆணையம், அதாவது ஐ.சி.ஆர்.யு., 1976-இல் சொன்னது. அந்த 5 சதவீதத்துக்குள் உடல் அசைவும், ஸ்கேன் படத்தின் பிழையும், கணக்கீட்டின் பிழையும் அடங்க வேண்டும் என்பதால், அளவுத்திருத்தத்துக்கு, அதாவது கருவி காட்டும் எண்ணை உண்மையான டோஸோடு பொருத்தும் வேலைக்கு, மிஞ்சும் பங்கு மிகச் சிறியது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மெல்லிய கற்றையைக் காந்தங்களால் நகர்த்திப் புள்ளி புள்ளியாக டோஸ் இடும் நிலையங்களை மட்டுமே. சென்னை தரமணியில் 2019 ஜனவரியில் திறக்கப்பட்ட அப்போலோ புரோட்டான் மையமும், நவி மும்பை கார்கரில் டாட்டா நினைவு மையம் 2023-இல் சிகிச்சையைத் தொடங்கிய நிலையமும் இந்த வகையைச் சேர்ந்தவை. புரோட்டானின் உயிரியல் விளைவுக்காக டோஸை 1.1 ஆல் பெருக்கி எழுதும் வழக்கம் தனி விவாதத்துக்கு உரியது. இங்கே பேசப்படுவது அவ்வாறு பெருக்குவதற்கு முந்தைய இயற்பியல் டோஸ்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: ஃபாரடே கிண்ணம், கலோரிமீட்டர், கோபால்ட்-60 என்ற கதிரியக்க மூலத்தின் காமாக் கற்றையில் அளவுத்திருத்தம் பெற்ற சிறிய அயனியாக்க அறை (தன்னுள்ளிருக்கும் காற்றில் கதிர் உண்டாக்கும் அயனிகளின் மின்னூட்டத்தை அளக்கும் கருவி), கற்றை முழுவதையும் விழுங்கிக்கொள்ளும் அகன்ற அயனியாக்க அறை. கருத்தளவில் எளிமையானது முதல் வழி. இயற்பியலில் மிகத் தூய்மையானது இரண்டாவது. உலகின் பெரும்பாலான நிலையங்கள் நம்பியிருப்பது மூன்றாவது. நான்காவது பலராலும் துணைக் கருவியாக மட்டுமே பார்க்கப்படுகிறது. என் முடிவு மூன்றாவதன் பக்கம்தான் என்றாலும், நான்காவது துணை இல்லாமல் மூன்றாவதை ஏற்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

ஃபாரடே கிண்ணம் புரோட்டான்களை எண்ணுகிறது. வெற்றிடத்தில் வைத்த தடித்த உலோகக் கட்டியில் கற்றையை நிறுத்தி, அதில் சேரும் மின்னூட்டத்தை அளந்தால் எத்தனை புரோட்டான்கள் வந்தன என்று தெரிந்துவிடும். 100 கோடி புரோட்டான்களுக்கு மின்னூட்டம் 0.16 நானோகூலம், கைக்கு எட்டும் எலக்ட்ரோமீட்டரே இதை நன்றாக அளக்கும். நீரில் அந்தப் புரோட்டான்கள் ஆற்றலை இழக்கும் வீதம் அட்டவணைகளில் உள்ளது. 150 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள 100 கோடி புரோட்டான்கள் ஒரு சதுர செ.மீ. பரப்பில் நுழைந்தால், நுழைவாயிலில் ஏறத்தாழ 0.87 கிரே டோஸ் சேரும். கோபால்ட் கற்றையோ சான்றிதழோ வேண்டியதில்லை. காற்றழுத்தத் திருத்தமும், அயனிகள் மீண்டும் சேர்ந்து மறையும் இழப்பும் இல்லை. 1961 முதல் 2002 வரை நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்த ஹார்வர்ட் சைக்ளோட்ரானும், 1996-இல் புள்ளி ஸ்கேனிங் முறையை நோயாளிகளுக்குக் கொண்டுவந்த சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனமும் இந்தக் கிண்ணத்தைப் பயன்படுத்தியதில் வியப்பில்லை.

சிக்கல் விளிம்புகளில் இருக்கிறது. கிண்ணத்தின் வாயிலிலுள்ள மெல்லிய சாளரத்திலிருந்து எலக்ட்ரான்கள் உள்ளே விழுகின்றன; உலோகக் கட்டியிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியே தெறிக்கின்றன. முதலாவது எண்ணிக்கையைக் குறைக்கும், இரண்டாவது கூட்டும். எதிர்மின்னழுத்தம் தந்த வளையத்தாலும் காந்தப்புலத்தாலும் இவற்றை அடக்கலாம். ஆனால் முழுவதும் அடங்கிவிட்டன என்பதை நிலையத்துக்கு நிலையம் தனியே நிறுவிக் காட்ட வேண்டும். கிண்ணம் காற்றில் வரும் கற்றையைத்தான் எண்ணுகிறதே தவிர, நீருக்குள் அணுக்கருக்களோடு மோதிச் சிதறும் துகள்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பகுதி கணக்கீட்டிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே கிண்ணத்தின் அளவீடு மின்னூட்டத்தின் தேசியத் தரத்தோடு இணைந்திருந்தாலும், டோஸின் தரத்தோடு நேரடியாக இணைவதில்லை. ஒரு மருத்துவமனை இதை முதன்மை முறையாகக் கொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன். வேறு இரண்டு முறைகள் தமக்குள் முரண்படும்போது எந்தப் பக்கம் தவறு என்று துப்பறிய இதைவிட நல்ல கருவி இல்லை என்பதும் உண்மை.

கலோரிமீட்டர் டோஸின் வரையறையையே அளக்கிறது. ஒரு கிலோகிராம் பொருளில் ஒரு ஜூல் ஆற்றல் சேர்ந்தால் அது ஒரு கிரே; அந்த ஆற்றல் வெப்பமாக மாறினால் வெப்பநிலை உயர வேண்டும். எவ்வளவு உயரும் என்பதில்தான் சோதனை இருக்கிறது. நீரில் 1 கிரே தரும் உயர்வு ஏறக்குறைய 0.24 மில்லிகெல்வின். அன்றாடச் சிகிச்சையில் ஒரு முறை தரும் 2 கிரேயை 1 சதவீதத் துல்லியத்தில் அறிய வேண்டுமானால் ஒரு டிகிரியின் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கை நம்பகமாகப் படிக்க வேண்டும். கிராஃபைட்டின் வெப்ப ஏற்புத்திறன் நீரினுடையதில் ஆறில் ஒரு பங்குதான் என்பதால் அதில் உயர்வு ஆறு மடங்கு. ஆனால் கிராஃபைட்டில் அளந்த டோஸை நீரின் டோஸாக மாற்ற இன்னொரு கணக்கு தேவைப்படுகிறது. நீர்க் கலோரிமீட்டருக்கு அந்த மாற்றம் வேண்டாம். அதற்குப் பதிலாக, கதிர்வீச்சால் நீரில் நடக்கும் வேதிவினைகள் வெப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதபடி நீரை மிகத் தூய்மையாகவும், கரைந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தியும் வைத்திருக்க வேண்டும். புள்ளி புள்ளியாக, அடுக்கு அடுக்காக டோஸ் இடும் கற்றையில், ஒரு பகுதி சூடாகும்போது முன்பு சூடான பகுதி ஆறிக்கொண்டிருக்கும் என்பதால் வெப்பக் கடத்தலுக்கும் தனித் திருத்தம் வேண்டும்.

பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம், மருத்துவமனைக்கே எடுத்துச் செல்லக்கூடிய கிராஃபைட் கலோரிமீட்டர் ஒன்றைப் புரோட்டான் கற்றைக்கான முதன்மைத் தரமாக உருவாக்கியிருக்கிறது. அந்நாட்டு நிலையங்கள் தம் அயனியாக்க அறைகளைக் கோபால்ட் கற்றையில் அல்லாமல் புரோட்டான் கற்றையிலேயே அளவுத்திருத்தம் செய்துகொள்ள வழி இதனால் பிறந்திருக்கிறது. மிக அதிக டோஸ் வீதத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சிகிச்சை தரும் ஃபிளாஷ் முறையைப் புரோட்டான்களைக் கொண்டு 2020-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மனிதர்களிடம் முதன்முறையாகச் சோதித்தார்கள். அந்தக் கற்றையையும் இதே ஆய்வகத்தின் கலோரிமீட்டர் அங்கு சென்று அளந்தது. அத்தகைய வீதங்களில் அயனியாக்க அறைக்குள் அயனிகள் மின்முனையை அடையுமுன் மீண்டும் சேர்ந்துவிடும் இழப்பு பெரிதாகிறது. வெப்பத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எனினும் நம் நாட்டு நிலையம் ஒன்று, கலோரிமீட்டரைத் தானே வாங்கிப் பராமரித்து, அதற்கென ஒரு குழுவையும் வைத்திருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. கலோரிமீட்டர் தேசிய ஆய்வகத்தின் வேலை. மருத்துவமனையின் வேலை அதன் பலனைப் பெறுவது.

அயனியாக்க அறைதான் பாக்கி. சர்வதேச அணுசக்தி முகமை 2000-இல் வெளியிட்ட டி.ஆர்.எஸ்.-398 நடைமுறை விதியின்படி கணக்கு மூன்று எண்களின் பெருக்கம்: திருத்திய அளவீடு, கோபால்ட்-60 கற்றையில் பெற்ற அளவுத்திருத்தக் காரணி, கோபால்ட்டிலிருந்து புரோட்டானுக்கு மாற்றும் கற்றைத் தரக் காரணி. முதல் எண்ணில் கவனக்குறைவு மிக எளிதாக நுழையும். அறை காற்றுக்குத் திறந்திருப்பதால் வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் திருத்த வேண்டும். சிகிச்சை அறையில் 22 டிகிரியும் 100.6 கிலோபாஸ்கலும் இருந்தால் அந்தத் திருத்தம் 1.014. அழுத்தமானி ஒரு கிலோபாஸ்கல் தவறினால் டோஸும் ஒரு சதவீதம் தவறும். கோடிக்கணக்கில் செலவழித்த நிலையத்தில் டோஸின் நம்பகத்தன்மை ஒரு சிறிய அழுத்தமானியில் தொங்குகிறது என்பதை நிர்வாகத்தினர் சுலபமாக நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது எண்ணான தரக் காரணி சற்று விரிவாகப் பார்க்கத் தக்கது. காற்றில் ஓர் அயனி இணையை உண்டாக்கச் செலவாகும் ஆற்றல், கோபால்ட் கற்றையில் ஒரு கூலத்துக்கு 33.97 ஜூல், புரோட்டானுக்கு 2000-ஆம் ஆண்டு விதி எடுத்துக்கொண்ட மதிப்பு 34.23. இந்த ஒன்றே 0.8 சதவீத வேறுபாட்டைத் தருகிறது. எஞ்சியது பெரும்பாலும், நீருக்குள் காற்றுக் குமிழியாக நிற்கும் அறை கற்றையைக் குலைக்கும் விளைவிலிருந்து வருகிறது. கோபால்ட்டில் அந்தக் குலைவுக்குத் திருத்தம் உண்டு. புரோட்டானில் குலைவே இல்லை என்று, தரவு போதாத நிலையில், விதி 1 என்ற மதிப்பை எடுத்துக்கொண்டது. 0.6 கன செ.மீ. கொள்ளளவுள்ள உருளை வடிவ ஃபார்மர் அறைக்குத் தரக் காரணி இப்படித்தான் ஏறத்தாழ 1.03 ஆனது. அந்த விதி தன் நிச்சயமின்மையையும் ஒளிக்காமல் சொன்னது: கோபால்ட் கற்றையில் டோஸ் 0.9 சதவீதம், புரோட்டானில் உருளை அறையால் 2.0, தட்டு அறையால் 2.3 சதவீதம்.

உருளையா, தட்டா என்பது இந்த வழிக்குள்ளேயே இருக்கும் ஒரு கிளைக் கேள்வி. தட்டு வடிவ அறையில், உதாரணமாக ரூஸ் அறையில், காற்று இடைவெளி 2 மி.மீ. மட்டுமே. டோஸ் ஆழத்தோடு வேகமாக மாறும் இடத்தில் இது எந்த ஆழத்தை அளக்கிறது என்பதில் குழப்பமில்லை. ஃபார்மர் அறையின் உள் விட்டம் 6 மி.மீ. என்பதால் அங்கே அது பல ஆழங்களைக் கலந்தே காட்டும். அப்படியானால் தட்டு அறைக்கு நிச்சயமின்மை ஏன் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது? குறை புரோட்டான் பக்கம் இல்லை, கோபால்ட் பக்கம் இருக்கிறது. தட்டு அறையின் அகன்ற சுவர் கோபால்ட் கற்றையில் செய்யும் பாதிப்பைச் சரியாக அறிவது கடினம். ஒரே மாதிரியில் செய்த இரண்டு அறைகளுக்கிடையிலும் அது சிறிது மாறுபடலாம். புரோட்டான் கற்றையில் மிகப் பொருத்தமான அறைக்கு அளவுத்திருத்தம் கொடுக்கும் கற்றை பொருந்தவில்லை என்பதே இதன் சாரம்.

இதற்கு நான் ஏற்கும் தீர்வு குறுக்கு அளவுத்திருத்தம். உயர் ஆற்றல் புரோட்டான் கற்றையில், நுழைவாயிலுக்கு அருகே டோஸ் ஆழத்தோடு அதிகம் மாறாத இடத்தில், ஆய்வகச் சான்றிதழ் பெற்ற உருளை அறையையும் தட்டு அறையையும் அடுத்தடுத்து வைத்து அளந்து, உருளை அறையின் காரணியைத் தட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். பிறகு 70 மெகா எலக்ட்ரான் வோல்ட் போன்ற தாழ்ந்த ஆற்றல்களில், நீரில் வீச்சு 4 செ.மீ.யே இருக்கும் இடத்தில், தட்டு அறையை மட்டும் நம்பலாம். கோபால்ட்டில் தட்டு அறையின் சுவர் ஏற்படுத்தும் ஐயம் இந்தப் பாதையில் நுழைவதே இல்லை.

அடுத்து, அறையை எங்கே, எந்தப் புலத்தில் வைப்பது? புரோட்டான் தன் வீச்சின் இறுதியில் ஆற்றலை அடர்த்தியாக இறக்கும் இடத்துக்குப் பிராக் உச்சி என்று பெயர். பழைய, பரப்பிச் சிதறடிக்கும் கற்றைகளில் பல ஆற்றல்களைக் கலந்து தட்டையாக்கிய உச்சிப் பகுதியின் நடுவில் அறையை வைப்பது வழக்கம். ஸ்கேனிங் கற்றையிலும் 10 செ.மீ. பக்கமுள்ள ஒரு கன சதுரத்துக்குச் சீரான டோஸ் இட்டு நடுவில் அளக்கலாம். அது நோயாளிக்குத் தரும் புலத்தை ஒத்திருக்கும் என்பது அதன் பலம். ஆனால் பல ஆற்றல்கள் கலந்த ஒரு மொத்தத் தொகையையே அது தருகிறது. ஓர் ஆற்றலில் 2 சதவீதம் கூடியும் இன்னொன்றில் 2 சதவீதம் குறைந்தும் இருந்தால் இந்தப் பெட்டிப் புலம் அதைக் காட்டாமல் போகலாம். ஆகவே ஒவ்வோர் ஆற்றலுக்கும் தனியே, 10 செ.மீ. பக்கமுள்ள ஒற்றை அடுக்கைச் சம இடைவெளிப் புள்ளிகளால் இட்டு, 1 அல்லது 2 செ.மீ. ஆழத்தில் அளப்பதே அளவுத்திருத்தத்துக்கு உரிய முறை. பெட்டிப் புலத்தைச் சரிபார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒற்றை அடுக்கு முறைக்குள் ஒரு மறைவான சார்பு இருக்கிறது. நடுவில் அளக்கும் டோஸ், ஒரு புள்ளிக்குரிய புரோட்டான்களின் எண்ணிக்கையைப் புள்ளிகளுக்கிடையிலான பரப்பால் வகுத்ததற்கு நேர்விகிதமானது. 2.5 மி.மீ. என்று கட்டளையிட்ட இடைவெளியைக் காந்தங்கள் இரு திசையிலும் அரை சதவீதம் நீட்டிவிட்டால் நடுவில் டோஸ் ஒரு சதவீதம் குறையும். அதைப் பார்த்துக் கண்காணிப்பு அறையின் காரணியை மாற்றினால், காந்தத்தின் பிழையைக் கண்காணிப்பு அறையின் தலையில் கட்டியதாகிவிடும்.

அகன்ற அறை இங்கேதான் தன் இடத்தைப் பெறுகிறது. 8 செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள, பிராக் உச்சி அறை எனப்படும் இந்த அகன்ற அறையின் நடுவில் ஒரே ஒரு புள்ளியை இட்டால், அறை அந்தப் புள்ளியின் டோஸ் முழுவதையும் பரப்பில் கூட்டித் தருகிறது. அலகு, கிரே பெருக்கல் சதுர செ.மீ. இந்தப் பெருக்கத்தொகை புள்ளியின் அகலத்தையோ இடைவெளியையோ சார்ந்ததில்லை. ஒரு மானிட்டர் யூனிட்டுக்கு எத்தனை புரோட்டான்கள் என்ற கேள்விக்கு நேரடியாக விடை சொல்கிறது. ஒற்றை அடுக்கில் அளந்த டோஸைப் புள்ளி இடைவெளிப் பரப்பால் பெருக்கினால் கிடைப்பதும் இதே அளவுதான். எனவே இரண்டும் ஒத்துப்போனால் காந்தங்களும் சரி, காரணியும் சரி என்று இரண்டையும் ஒரே மாலையில் அறியலாம். ஒத்துப்போகாவிட்டால் பிழை எங்கே என்று தேடத் தொடங்கலாம்.

அப்படியானால் அகன்ற அறையையே முதன்மையாகக் கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். எனக்கு மூன்று தயக்கங்கள். அணுக்கரு மோதல்களால் கற்றையைச் சுற்றி எழும் மெல்லிய ஒளிவட்டம் போன்ற பரவல், உயர் ஆற்றல்களில் 4 செ.மீ. ஆரத்துக்கு வெளியேயும் நீள்கிறது. அந்தத் தவறிய பங்கைக் கணக்கீட்டால்தான் சேர்க்க வேண்டும். 15 செ.மீ. அறைகள் வந்த பிறகு இது குறைந்ததே தவிர மறையவில்லை. இரண்டாவதாக, இவ்வளவு பெரிய தட்டின் எல்லா இடங்களும் ஒரே உணர்திறனோடு இருக்கின்றன என்பதற்கு உத்தரவாதமில்லை. மெல்லிய கற்றை நடுவில் மட்டும் விழ, அளவுத்திருத்தக் கற்றையோ தட்டு முழுவதையும் நிறைக்கிறது. நடுவும் ஓரமும் வேறுபட்டால் அந்த வேறுபாடு நேராக டோஸில் வந்து சேரும். மூன்றாவது, சான்றிதழ்: ஆய்வகங்கள் வழக்கமாக அளவுத்திருத்தம் செய்து தருவது ஃபார்மர் அறைக்கு, அகன்ற அறைக்கான காரணியைப் பெரும்பாலும் நிலையமே குறுக்கு அளவீட்டால் பெற வேண்டியிருக்கும். அப்போது சுற்றி வந்து மீண்டும் ஃபார்மர் அறையிடமே நிற்கிறோம்.

துல்லியத்தைப் போலவே முக்கியமான இன்னொன்று, நிலையங்கள் தமக்குள் ஒத்துப்போவது. 1998-இல் ஐ.சி.ஆர்.யு. வெளியிட்ட 59-ஆம் அறிக்கையும் 2000-இன் டி.ஆர்.எஸ்.-398 விதியும் ஒரே கற்றையில், ஒரே அறையில், ஒரே டோஸைத் தரவில்லை. அயனி இணை ஆற்றலுக்கு இரண்டும் வெவ்வேறு மதிப்புகளைக் கொண்டிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2007-இல் அதே ஐ.சி.ஆர்.யு. தன் 78-ஆம் அறிக்கையில் டி.ஆர்.எஸ்.-398 விதியையே ஏற்றுக்கொண்ட பிறகுதான் நிலையங்கள் ஒரே மொழியில் டோஸ் பேசத் தொடங்கின. ஒரு நாட்டில் 74 கிரே என்று எழுதிய சிகிச்சையின் பலனை இன்னொரு நாட்டில் ஒப்பிட வேண்டுமானால் இந்த ஒற்றுமை இல்லாமல் முடியாது.

இப்போது அதே வகைக் கட்டம் மீண்டும் வந்திருக்கிறது. 2024-இல் வெளிவந்த திருத்திய டி.ஆர்.எஸ்.-398, புரோட்டானுக்கான அயனி இணை ஆற்றலை 34.44 என்று எடுத்துக்கொள்கிறது. இது மட்டுமே பழைய மதிப்பைவிட 0.6 சதவீதம் கூடுதல். நீரில் புரோட்டான் ஆற்றலை இழக்கும் வீதத்தைக் கணக்கிட உதவும், நீரின் சராசரிக் கிளர்ச்சி ஆற்றலும் 78 எலக்ட்ரான் வோல்ட் ஆகியிருக்கிறது. அறையின் குலைவுக் காரணிகள், துகள்களின் பாதைகளைக் கணினியில் ஒவ்வொன்றாகப் பின்தொடரும் மாண்டே கார்லோ கணக்கீடுகளிலிருந்து வந்துள்ளன. ஆகவே தரக் காரணி அறைக்கு அறை வெவ்வேறு அளவில் மாறும். புதிதாகத் திறக்கும் நிலையம் தயக்கமின்றித் திருத்திய பதிப்பில் தொடங்கலாம். ஏற்கனவே இயங்கும் நிலையம், உருளை அறைக்குப் புதிய பதிப்பும் தட்டு அறைக்குப் பழைய பதிப்பும் என்று கலந்துவிடாமல் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அன்றிலிருந்து அதே மானிட்டர் யூனிட் வேறு கிரேயைக் குறிக்கும் என்பதைக் கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவருக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். இது இயற்பியலாளர்களின் உள்விவகாரம் என்று கருதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

முடிவை எடுக்கும்போது கருவியின் நேர்த்தியை மட்டும் பார்த்தால் கலோரிமீட்டர் வெல்லும். சான்றிதழ் சங்கிலி எங்கே அறுபடாமல் இருக்கிறது என்று பார்த்தால், இந்திய நிலையத்துக்கு அது மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கோபால்ட்-60 கற்றையிலிருந்து ஃபார்மர் அறை வழியாகவே வருகிறது. ஆகவே ஃபார்மர் அறையை வேராகக் கொண்டு, தட்டு அறைக்குக் குறுக்கே மாற்றி, ஆற்றல் ஒவ்வொன்றுக்கும் ஒற்றை அடுக்கில் அளந்து, பிராக் உச்சி அறையால் சரிபார்த்து, கடைசியில் பெட்டிப் புலத்தில் ஒரு முறை நிறைவு சோதனை செய்வது என் பரிந்துரை. நோயாளி சிகிச்சை தொடங்கும் முன் வெளியார் சோதனை ஒன்றும் வேண்டும். பெற்ற டோஸைத் தம்முள் பதித்து வைத்து, பிறகு படிக்கத் தரும் ஒளிர்வு மானிகளும் அலனைன் வில்லைகளும் அஞ்சலில் வந்து இதற்கு உதவும். ஆனால் புரோட்டான் தன் வீச்சின் இறுதியில் ஆற்றலை அடர்த்தியாக இறக்கும் இடத்தில் அலனைன் குறைத்துக் காட்டும். எனவே அவற்றை வீச்சின் முனையில் வைக்காமல், தட்டையாக்கிய உச்சியின் நடுவில் வைக்க வேண்டும். இன்னொரு நிலையத்தின் இயற்பியலாளர் தம் சொந்த அறையையும் எலக்ட்ரோமீட்டரையும் எடுத்துக்கொண்டு வந்து அளப்பது இவை எல்லாவற்றையும்விட மேல், ஏனெனில் அவருடைய சான்றிதழும் அழுத்தமானியும் நம்முடையவை அல்ல.

கொள்முதல் பட்டியலில் ஒரு வரி மட்டும் கூடுதலாகும். அளவுத்திருத்தத்துக்காக அறை ஆய்வகத்துக்குப் போகும் வாரங்களிலும் கற்றை ஓய்வதில்லை. போகும் வழியில் அறை அடிபடவும் கூடும். அதனால் ஃபார்மர் அறையும் எலக்ட்ரோமீட்டரும் ஒரு ஜோடியல்ல, இரண்டு ஜோடியாக வாங்கி, இரண்டையும் வெவ்வேறு ஆண்டுகளில் அனுப்பி, ஊரில் இருக்கும் ஜோடியோடு திரும்பி வந்த ஜோடியை ஒவ்வொரு முறையும் அதே கற்றையில் ஒப்பிட்டு, அந்த விகிதத்தைத் தேதியோடு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.